டைல்ஸை உடைக்காமல் லேமினேட் தரை: முதல் முறை நீங்களே போடுவதென்றால்

கேள்வி இதுதான். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. 12 அடிக்கு 11 அடி படுக்கையறை. 15 வருடத்துக்கு முன் பில்டர் போட்டுக் கொடுத்த வெள்ளை டைல்ஸ். அதன் மேல் மரம் போலத் தெரியும் லேமினேட் தரை போட ஆசை. டைல்ஸை உடைக்க வேண்டுமா? ஆள் வைக்காமல் கணவன் மனைவி இருவருமே போட்டுவிட முடியுமா?

உடைக்க வேண்டாம். நீங்களே போடவும் முடியும். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளும் நண்பர்கள் வீடுகளில் நான்கைந்தும் போட்டிருக்கிறேன். பலகையைப் பலகையோடு பூட்டுகிற வேலை, முதல் இரண்டு வரிசை தாண்டியதும் கைக்குப் பழகிவிடும். ஆனால் நான் பார்த்தவரை கெட்டுப்போன லேமினேட் தரை எதுவும் பூட்டு சரியாக விழாததால் கெடவில்லை. எல்லாம் அடித்தரையிலோ ஓரத்திலோ விட்ட குறைதான். அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் கையில் வரப்போகும் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். லேமினேட் பலகை மரப்பலகை அல்ல. மர நாரை அரைத்து, பிசின் சேர்த்து, பெரும் அழுத்தத்தில் தகடாக்கிய ஹெச்டிஎஃப்தான் அதன் உடம்பு. அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள். அதற்கும் மேல் மெலமின் பிசினில் ஊறிய கண்ணாடி போன்ற ஒரு படலம். அந்தப் படலத்தில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருப்பதால்தான் செருப்புக்கும் நாற்காலிக்கும் எளிதில் கீறல் விழுவதில்லை. அடியில் பலகை வளையாமல் இருக்க இன்னொரு தாள். 1977ல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் கம்பெனி உருவாக்கிய பொருள் இது; பெர்கோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஆரம்பத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பசை தடவித்தான் ஒட்டினார்கள். 1990களின் பின்பாதியில் ஸ்வீடனின் வாலிங்கேயும் பெல்ஜியத்தின் யூனிலினும் பசையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் நாக்கு (நீட்டிய விளிம்பு), காடி (அது நுழையும் பள்ளம்) அமைப்பைக் கொண்டுவந்தன. நீங்களும் நானும் இதைக் கையில் எடுக்க முடிவது அந்தப் பூட்டால்தான்.

மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் உடம்பு மர நார்தானே. அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் மரக்கதவு இறுகிக்கொள்கிறதே, அதே கதைதான். தரை முழுவதும் ஒரே பாய்போலப் பூட்டிக்கொண்டிருப்பதால் விரியும்போதும் பாய் முழுவதுமாகத்தான் நகரும். இதை நீங்கள் ஆணி அடித்தோ, ஒட்டியோ, சுவரோடு இறுக்கியோ நிறுத்தக் கூடாது. தரையின் மேல் அது சும்மா கிடக்க வேண்டும், எந்தப் பக்கமும் முட்டாமல். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் உங்களுக்கே தோன்றிவிடும்.

சரி, உங்கள் அறைக்கு இது ஒத்துவருமா? மூன்றாவது மாடி என்பது நல்ல விஷயம். மண்ணிலிருந்து ஓதம் ஏறும் பயம் இல்லை. தரைத்தளமாக இருந்தால் நான் இவ்வளவு சீக்கிரம் "போடுங்கள்" என்று சொல்லியிருக்க மாட்டேன். பள்ளிக்கரணைப் பக்கம் என் அக்கா வீடு தரைத்தளம். டைல்ஸ் காய்ந்துதானே இருக்கிறது என்று அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமலே ஆட்கள் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. இணைப்பு விளிம்புகளெல்லாம் அப்பளம் போலத் தூக்கிக்கொண்டன. ஹெச்டிஎஃப் ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பாதி அறையைப் பிரித்துத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தரைத்தளத்தில் கரையானும் ஒரு கவலை. மர நார் அதற்கு விருந்து.

உங்கள் அறையில் கவனிக்க வேண்டியது மூன்று இடங்கள். ஒன்று, அறையோடு சேர்ந்த குளியலறை. நம் ஊர் ஃபிளாட்டுகளில் குளியலறை வாசலில் ஒரு கிரானைட் பட்டை அரை இஞ்ச் உயரத்துக்கு இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வராமலிருக்க. நீங்கள் போடப்போகும் தரை ஏறக்குறைய அதே உயரத்துக்கு வந்துவிடும். அதனால் ஈரக்காலோடு வெளியே வருவதும், உள்ளே வாளி கவிழ்ந்தால் தண்ணீர் வெளியே வழிவதும் நேராகப் பலகை மேல்தான். அந்த இடத்தை எப்படி முடிப்பது என்று பிறகு சொல்கிறேன். இரண்டு, ஏசி. அதன் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சுவர் வழியே கசிந்து தரையின் ஓரத்தில்தான் இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். தரை போடுவதற்கு முன்பே ஒரு சர்வீஸ் செய்துவிடுங்கள். மூன்று, ஜன்னல் அல்லது பால்கனி வழியாகச் சாரல் அடிக்குமா என்பது. அடித்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குளியலறை, சமையலறை, விளக்கேற்றி எண்ணெயும் தண்ணீரும் சிந்தும் பூஜையறை, இவற்றுக்கு லேமினேட் வேண்டவே வேண்டாம். அங்கே மரத் தோற்றம் வேண்டுமென்றால் கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த, தண்ணீருக்குப் பயப்படாத எஸ்பிசி வினைல் பலகை இருக்கிறது.

அடுத்து கதவு. பலரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது. பலகை 8 மி.மீ., அடியில் விரிக்கும் ஃபோம் ஷீட் 2 மி.மீ., மொத்தம் 10 மி.மீ. தரை உயரும். நூல் கணக்கில் மூன்று நூலுக்குச் சற்று அதிகம். உங்கள் படுக்கையறைக் கதவு உள்பக்கம் திறக்கும் என்றால் இப்போது அதன் அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பலகைத் துண்டையும் ஃபோம் துண்டையும் தரையில் வைத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தட்டினால் கதவைக் கீலிலிருந்து கழற்றி அடியை இழைக்க வேண்டும். இதற்கு மட்டும் ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்பேன். அரை மணி நேர வேலை, ஆனால் கதவு கோணிக்கொண்டால் வாழ்நாள் தொல்லை. இழைத்த அடிப்பகுதியை வார்னிஷ் தடவாமல் மாட்ட விடாதீர்கள். அப்படியே சுவரலமாரியின் கதவுகளையும் திறந்து பாருங்கள். சில வீடுகளில் அவை தரையை ஒட்டியே இறங்கியிருக்கும்.

இனி வாங்குவது. படுக்கையறைக்கு 8 மி.மீ. கனம் போதும். 12 மி.மீ. போட்டால் நடக்கும்போது இன்னும் கெட்டியாக இருக்கும், ஆனால் கதவை இன்னும் இழைக்க வேண்டும். பெட்டியின் மேல் ஏசி3, ஏசி4 என்று போட்டிருக்கும். தேய்மானத்தைத் தாங்கும் அளவு அது. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படுக்கையறைக்கு ஏசி3 தாராளம், குழந்தைகள் ஓடி விளையாடும் ஹாலுக்கு ஏசி4 வாங்கலாம். பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு குறைந்த அளவே வெளிவரும் என்பதைக் குறிக்கும் இ1 தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கதவு மூடி ஏசி போட்டுத் தூங்கும் அறை என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும், இல்லையென்றால் நிறம் ஒரு சாயல் மாறும்.

எத்தனை பெட்டி? சதுர அடிக் கணக்கு மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள், அதனால் வரிசைக் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். பலகை 1215 மி.மீ. நீளம், 195 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுகளில் ஒன்று. அறை 3658க்கு 3350 மி.மீ. பலகையை 12 அடி நீளவாக்கில் போடுகிறீர்கள். சுவரில் முட்டாமலிருக்க இரண்டு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி விட்டால் அகலத்தில் மிச்சம் 3330. அதை 195ஆல் வகுத்தால் 17 முழு வரிசை போக 15 மி.மீ. பாக்கி நிற்கும். யோசிக்காமல் முழுப் பலகையோடு ஆரம்பித்தால் கடைசி வரிசைக்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்ட வேண்டிவரும். அது பூட்டவும் பூட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்காது. அதற்கு வழி இது: 195ஐயும் 15ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள், 105. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 105 மி.மீ. அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். நடுவில் 16 முழு வரிசைகள். மொத்தம் 18 வரிசை, இரண்டு ஓரமும் ஒரே அளவு, சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடைசி வரிசையின் அகலம் 5 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பதை எந்த அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தில் வரிசைக்கு மூன்று பலகை, ஆக 54. பெட்டிக்கு 8 பலகை என்றால் 7 பெட்டியில் 56 வரும். இரண்டே இரண்டு பலகைதான் உபரி. முதல் முறை போடுகிறவர் நான்கைந்து பலகையாவது தப்பாக வெட்டுவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 8 பெட்டி வாங்குங்கள்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் பிரிக்காமல், அதே அறையில், தரையில் படுக்கவைத்து 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளையும். கிடங்கிலிருந்து வந்த பலகை உங்கள் அறையின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பழகட்டும். நீங்கள் வழக்கமாக அந்த அறையை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்திருங்கள்.

அந்த இரண்டு நாளில் அடித்தரையைப் பாருங்கள். ஒரு மரச் சுத்தியல் பிடியாலோ நாணயத்தாலோ ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போங்கள். சில இடங்களில் கெட்டியாகக் கேட்கும், சில இடங்களில் உள்ளே காலியாக இருக்கும் சத்தம் வரும். சத்தம் மட்டும் வந்து டைல் அசையாமல் இருந்தால் விட்டுவிடலாம். கால் வைத்தால் அசைகிறது என்றால் அதைப் பெயர்த்து, சிமெண்ட் கலவையால் மட்டத்துக்கு நிரப்பி, நன்றாகக் காயவிட வேண்டும். டைல் இடைவெளிகள் உங்கள் வீட்டில் மெல்லியதாகத்தான் இருக்கும், நிரப்பத் தேவையில்லை.

அப்புறம் மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் இரண்டு மீட்டர் அலுமினிய மட்டக்கட்டை ஒன்றை இரவல் வாங்கித் தரையில் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரியும் இடத்தில் நாணயங்களை அடுக்கி நுழைத்தால் பள்ளம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு மீட்டருக்கு 3 மி.மீ. வரை பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தைத் தரைமட்டக் கலவையால் நிரப்புங்கள். டைல்ஸ் வழவழப்பாக இருப்பதால் முதலில் அதற்கான பிரைமர் அடிக்க வேண்டும். தரை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது வேறு விஷயம், அது பரவாயில்லை. மேடுபள்ளம்தான் ஆகாது. பள்ளத்தின் மேல் கிடக்கும் பலகை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அமுங்கி எழும். பூட்டு மெல்லிய உதடு போன்றது, நாளடைவில் ஒடிந்துவிடும். பள்ளத்தை மறைக்க ஃபோமை இரண்டு அடுக்காகப் போடுவார்கள் சிலர். அது இன்னும் மோசம். மெத்தை மேல் நடப்பது போலாகி எல்லாப் பூட்டும் ஆடும்.

கடைசியாகப் பெருக்கி, துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஒரு மணல் துகள் ஃபோமுக்கு அடியில் மாட்டினாலும் நெறுநெறுவென்று அங்கேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

பாலித்தீன் ஷீட் 200 மைக்ரான் கனத்தில் வாங்குங்கள். மேல்மாடிக்கு அது கட்டாயம் இல்லை என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் நான் போட்டுவிடுவேன். செலவு மிகக் குறைவு. பக்கத்துக் குளியலறையின் கசிவு டைல் இடுக்கு வழியாக வந்தால் தடுக்க வேறொன்றும் அங்கே இல்லை. ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று 20 செ.மீ. ஏறியிருக்கும்படி விரித்து, டேப் ஒட்டி, சுவரோரம் இரண்டு இஞ்ச் மேலே ஏற்றி விடுங்கள். அதன் மேல் ஃபோம். ஃபோம் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது, விளிம்போடு விளிம்பு தொட்டாற்போல் இருக்க வேண்டும். மொத்த அறைக்கும் ஒரேயடியாக விரிக்காமல் இரண்டு மூன்று வரிசைக்கு வேண்டியதை மட்டும் விரித்துக்கொண்டே போனால் கால் பட்டுக் கிழியாது.

சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஜிக்சா இயந்திரம், அளவு டேப், மூலமட்டம், பென்சில், ரப்பர் சுத்தியல், பலகை விளிம்பில் வைத்துத் தட்டும் தட்டுக்கட்டை, சுவரோரப் பலகையை இழுத்துப் பூட்டும் இரும்புக் கொக்கி, முட்டிக்கு ஒரு மெத்தை. தட்டுக்கட்டையும் கொக்கியும் ஆப்புகளும் ஒரே பாக்கெட்டாகக் கிடைக்கும். ஜிக்சா பிளேடு குறைந்தது ஐந்து வாங்குங்கள். பலகையின் மேல்படலம் மிகக் கடினம், பிளேடு சீக்கிரம் மழுங்கும். சாதாரண ஜிக்சா பிளேடு மேல்நோக்கி வரும்போது வெட்டுகிறது என்பதால் பலகையின் படம் உள்ள முகத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள். கை ரம்பம் என்றால் முகம் மேலே. மாற்றிச் செய்தால் விளிம்பு செதில் செதிலாகப் பெயரும். பால்கனியில் வைத்து, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். அந்தத் தூள் மரத்தூளைவிட நைசானது, பிசின் கலந்தது.

முதல் வரிசைக்கு 105 அகலத்தில் வெட்டும்போது நாக்கு இருக்கும் பக்கத்தை வெட்டி எறிந்து, காடி இருக்கும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பு சுவரைப் பார்க்கும், காடி உங்களைப் பார்க்கும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. ஆப்புகளை ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் செருகுங்கள். முதல் வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். சுவரை நம்பாதீர்கள், நம் பூச்சுச் சுவர்கள் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். ஒரு நூலை இழுத்துக் கட்டி அதற்குப் பலகையை நேர்படுத்தி, சுவர்ப் பக்கத்தின் ஏற்ற இறக்கத்தை ஆப்பின் கனத்தை மாற்றிச் சரிக்கட்டுங்கள். 10 மி.மீ. என்பது மிகக் குறைந்த இடத்தில் இருக்க வேண்டிய அளவு. இந்த ஒரு வரிசைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

இரண்டாவது வரிசையின் இணைப்பு முதல் வரிசையின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது, குறைந்தது 30 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். உங்கள் அறையில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. இரு பக்க இடைவெளி போக நீளம் 3638, மூன்று பலகை சேர்ந்தால் 3645. முதல் வரிசைக்கு மூன்று பலகை, கடைசியில் 7 மி.மீ. மட்டும் வெட்டினால் போதும். இரண்டாவது வரிசைக்கு ஒரு பலகையை 810, 405 என்று இரண்டாக வெட்டி, வலது பக்கத்து 810ஐ இடப்பக்கச் சுவரில் வைத்து ஆரம்பியுங்கள். நடுவில் இரண்டு முழுப் பலகை. மிச்சமிருந்த 405 துண்டில் 7 மி.மீ. குறைத்தால் வலக்கோடியில் உட்கார்ந்துவிடும். மூன்றாவது வரிசையில் அதையே திருப்பி, வலப்பக்கத்து 405இல் ஆரம்பித்து 810இல் முடியுங்கள். நான்காவது மறுபடி முதல் வரிசை மாதிரி. இணைப்புகள் எங்கும் 405 மி.மீ. தள்ளியே வரும், வெட்டியதில் எதுவும் வீணாகாது. வலது, இடது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகையின் இரு முனையிலும் பூட்டு வேறு வேறு. வெட்டிய முனைதான் எப்போதும் சுவரைப் பார்க்க வேண்டும், பூட்டுள்ள முனை அடுத்த பலகையைப் பார்க்க வேண்டும்.

பூட்டும் முறை: புதுப் பலகையைச் சற்றே தூக்கிச் சாய்த்துப் பிடித்து, நாக்கை முன்வரிசையின் காடிக்குள் நுழைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே கீழே இறக்குங்கள். உள்ளே போனதும் கைக்கே தெரியும். குறுகிய முனை சில கம்பெனிப் பலகைகளில் மேலிருந்து அழுத்தினாலே விழுந்துவிடும், சிலவற்றில் அதையும் சாய்த்துத்தான் செருக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துவிடுங்கள். இங்கேதான் இரண்டு பேர் இருப்பது உதவும். ஒருவர் மறுமுனையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். இணைப்பில் மயிரிழை சந்து தெரிந்தாலும் விட்டுவிட்டு நகராதீர்கள், தட்டுக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். சுத்தியலால் பலகையை நேராக அடித்தால் காடியின் உதடு உடையும். எவ்வளவு தட்டியும் சந்து மூடவில்லை என்றால் உள்ளே தூள் மாட்டியிருக்கும். எடுத்து ஊதிவிட்டு மறுபடி போடுங்கள்.

கடைசி வரிசைக்குக் காடிப் பக்கத்தை வெட்டிவிட்டு நாக்குப் பக்கத்தை 105க்கு வைத்துக்கொண்டு, இரும்புக் கொக்கியைச் சுவரோரம் மாட்டி இழுத்துத் தட்ட வேண்டும். சுவர் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு முனையிலும் அளந்தே வெட்டுங்கள்.

இப்போது கதவு நிலை. என் வீட்டு ஹாலில் முதன்முதலாக நான் போட்டபோது எல்லாச் சுவரிலும் ஒழுங்காக இடைவெளி விட்டேன். பால்கனி வாசலின் மர நிலைக்கு மட்டும், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, பலகையை நிலையின் வளைவுக்கு அச்சு அசலாக வெட்டி ஒட்டினாற்போல் பொருத்தினேன். போட்டது மே மாதம். நவம்பரில் அந்த வாசலுக்கு முன்னால் இரண்டு வரிசை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. மிதித்தால் தொம் தொம் என்று சத்தம். அறை முழுக்க இடைவெளி இருந்தும், ஒரே ஓரிடத்தில் முட்டியதால் தரை அங்கே நகர வழியில்லாமல் மேலே எழும்பியிருக்கிறது. நிலையோரம் மூன்று நூல் அளவுக்கு வெட்டி எடுத்தேன். இரண்டு நாளில் தானாகவே படிந்துவிட்டது. எனவே நிலையின் அடியை ஒரு பலகைத் துண்டையும் ஃபோம் துண்டையும் அளவாக வைத்துக் கை ரம்பத்தால் 10 மி.மீ. உயரத்துக்கு அறுத்து, பலகையை அதன் அடியில் நுழைத்துவிடுங்கள். வெளியே இடைவெளி தெரியாது, உள்ளே நகர இடமிருக்கும். இரும்பு நிலையாக இருந்தாலோ, தேக்கு நிலையை அறுக்க மனம் வரவில்லை என்றாலோ, சுற்றிலும் இடைவெளி விட்டுத் தரையின் நிறத்திலேயே கிடைக்கும் சிலிகானால் நிரப்புங்கள். சிலிகான் ரப்பர் போல அமுங்கிக் கொடுக்கும். சிமெண்டோ புட்டியோ வைத்து அடைக்காதீர்கள்.

ஹாலின் டைல்ஸும் உங்கள் பலகையும் சேரும் வாசலில் உயர வித்தியாசத்தை மறைக்க அலுமினிய ப்ரொஃபைல் என்ற பட்டை வரும். அது கீழே உள்ள டைலோடு பிடிக்க வேண்டும், பலகையோடு அல்ல. குளியலறை வாசலில் கிரானைட் பட்டைக்கு 10 மி.மீ. முன்னாலேயே பலகையை நிறுத்தி, அந்தச் சந்து முழுவதையும் சிலிகானால் நிரப்பி, மேலே ப்ரொஃபைலையும் சிலிகான் வைத்தே பதியுங்கள். வெளியே தடித்த கால்மிதி ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது நனைந்து ஈரமாகவே கிடக்காமல் தினம் மாற்றுங்கள்.

ஆப்புகளை எல்லாம் எடுத்த பிறகு ஓர இடைவெளியை மறைக்க வேண்டும். உங்கள் சுவரில் ஏற்கெனவே நான்கு இஞ்ச் டைல்ஸ் ஸ்கர்டிங் (சுவரின் அடியோரப் பட்டை) இருக்கும். தரை உயர்ந்ததும் அதில் மூன்றரை இஞ்சுக்கும் சற்று அதிகமாக வெளியே தெரியும். மூன்று இஞ்ச் புது ஸ்கர்டிங் வாங்கி ஒட்டினால் மேலே பழைய டைல் எட்டிப் பார்க்கும். நான்கு இஞ்ச் வாங்குங்கள், அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் பீடிங் என்கிற மெல்லிய கால்வட்டப் பட்டை மட்டும் ஒட்டுங்கள். மர நார்த் தகடான எம்டிஎஃப் வேண்டாம், துடைக்கும் ஈரத்தில் உப்பும், பிவிசி போதும். பசை சுவர்ப் பக்கம் மட்டுமே படவேண்டும். தரையில் ஒட்டிவிட்டால் இவ்வளவு நேரம் விட்ட இடைவெளிக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும்.

போட்ட அன்றே கட்டிலை இழுத்துப் போடலாம், பசை காய வேண்டிய வேலையில்லை. இழுக்காமல் தூக்கி வைத்தால் நல்லது. இரும்பு பீரோவின் காலடியில் ஃபெல்ட் வட்டுகளை ஒட்டுங்கள். கட்டில், பீரோ, மேஜை எதுவும் பிரச்சினையில்லை. ஆனால் தரையோடு திருகாணி போட்டு நிறுத்தும் புது அலமாரி எதையும் பலகையின் மேல் நிறுத்தாதீர்கள். அலமாரி செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் அலமாரி, அப்புறம் தரை.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாளித் தண்ணீரும் சொட்டும் துணியும் அந்த அறைக்கு வேண்டாம். பெருக்கிவிட்டு, இறுகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். துடைத்த ஈரம் ஓரிரண்டு நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும், அதுதான் அளவு. தண்ணீர் கொட்டிவிட்டால் பதற்றப்பட வேண்டாம், உடனே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. இரவு முழுக்க அங்கேயே நின்றால்தான் இணைப்புக்குள் இறங்கும்.

மிஞ்சிய பலகைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சில வருடம் கழித்து ஒரு பலகை கெட்டால் அதே நிறமும் அதே பூட்டும் கடையில் கிடைக்குமென்று சொல்ல முடியாது. பெட்டியிலேயே வைத்து, டேப் சுற்றி, கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். பெட்டியின் மேலிருக்கும் கம்பெனி பெயர், நிற எண், பேட்ச் எண் மூன்றையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.